வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தக இறாக்கை

கேள்வி: ஆறு வயது மகளுக்கும் பத்து வயது மகனுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் விரும்பி எடுத்து வாசிக்க நல்ல புத்தகங்கள் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர்க் கடைகளில் பயிற்சிப் புத்தகங்களும் கடந்தகால வினாத்தாள்களும்தான் நிறைந்திருக்கின்றன. கையில் பெரிய பணமும் இல்லை. எப்படித் தொடங்குவது? - ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: சகோதரி, உடனே வாங்க வேண்டாம், இரவல் எடுங்கள். உங்கள் பிரதேச சபை நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராக்குங்கள். மட்டக்களப்பு நகருக்குப் போகும்போது அங்குள்ள பொது நூலகத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். எடுக்கும் புத்தகத்தை அவர்களே தெரிவு செய்யட்டும். எந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் பிள்ளை பிடித்து வைத்துக்கொள்கிறதோ, அதை மட்டும் விலை கொடுத்து வாங்குங்கள். திரும்பத் திரும்ப வாசிக்கப்படும் இருபது புத்தகங்கள் ஒரு வீட்டுக்கு நல்ல தொடக்கம்.

வாங்குவதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து சத்தமாக வாசித்துப் பாருங்கள். வசனம் வாயில் தடங்காமல் ஓட வேண்டும். மகளின் புத்தகமென்றால் படத்தையும் கவனியுங்கள்: எழுத்து சொல்லாத ஏதாவது ஒன்றைப் படம் சொல்கிறதா? ‘இதனால் நாம் அறிவது’ என்று முடியும் கதைகளை நான் வாங்குவதில்லை. கதையைப் பிள்ளை தானாக யோசிக்கும் வேலையை அந்த வரி பறித்துவிடுகிறது.

இலவசமாகவும் நிறையக் கிடைக்கிறது. பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மகளுக்கு முதல் இரண்டு நிலைகள், மகனுக்கு மூன்றாவதும் நான்காவதும் பொருந்தும். தரவிறக்கி அச்சிட அனுமதியும் உண்டு. நம் நாட்டுத் தமிழ் நூல்களுக்கு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் தேடுங்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களை அவசியம் சேருங்கள். அவர் 1953இல் மறைந்தார். இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகளுக்குத்தான் என்பதால், அப்பாடல்களைக் கொப்பியில் எழுதியோ அச்சிட்டோ தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மகனுக்கு அறிவியலில் நாட்டமிருந்தால், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிடும் ‘துளிர்’ மாத இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள்.

புத்தகத்தில் இல்லாத கதைகளும் உங்கள் வீட்டில் இருக்கும். அம்மம்மா சொல்லும் கதை, வாவியில் தோணி விடுபவர் சொல்லும் கதை, ஊர்க் கூத்தில் பார்த்த கதை, எல்லாவற்றையும் மகன் ஒரு கொப்பியில் எழுத, மகள் படம் வரையட்டும். அந்தக் கொப்பியையும் அதே இறாக்கையில் வையுங்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது. வீட்டில் நீங்களே தாய், நீங்களே ஆசிரியர். கையில் வரும் எதையும் பாடமாக்கிவிடும் பழக்கம் தானாகவே வந்துவிடும். “கதையில் என்ன விளங்கியது? சுருக்கி எழுது, புதுச் சொற்களுக்குக் கோடு போடு” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், மறுநாள் அந்த இறாக்கைப் பக்கம் பிள்ளை வராது. ஆகவே பாடப்புத்தகங்களை வேறிடத்தில் வையுங்கள். இந்தப் புத்தகங்களைப் பற்றிப் பிள்ளை பேச வந்தால் கேளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். பாதியில் மூடிவைக்கவும், பத்து வயதுக்காரன் தங்கையின் படக்கதையை எடுக்கவும் உரிமை வேண்டும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரத்தை ஒதுக்கி, நீங்களும் அருகில் உங்கள் புத்தகத்தோடு இருங்கள்.

எங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கும் மாரிக்கும் புத்தகம் தாங்க வேண்டும். மெல்லிய படக்கதைகளின் நடுவில் அடித்த கம்பி துருப்பிடித்து, தாளில் பழுப்புக் கறை இறங்கி, கடைசியில் நடுப்பக்கம் கழன்று விழும். வாங்கியவுடனேயே கம்பியை மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு, மடிப்பில் ஊசியால் மூன்று துளையிட்டு, தடித்த பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். அச்சிட்ட கதைகளையும் இப்படியே தைக்கலாம். இறாக்கை வெளிச்சுவரோடு ஒட்டாமல், நிலத்திலிருந்து உயரமாக, ஆனால் மகளின் கைக்கெட்டும்படி இருக்கட்டும். பூச்சி உருண்டை வேண்டாம், சிறுபிள்ளை வாயில் போட்டால் அது நஞ்சு. காய்ந்த வேப்பிலையை இடையிடையே வைத்து, மழை விட்ட நாட்களில் புத்தகங்களை இறக்கி, நேர் வெயில் படாமல் காற்றாட விரித்துவிடுங்கள். கறையான் மண் தெரிகிறதா என்று பலகையின் பின்பக்கத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.