ஏரியும் கரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய ஏரியில் ஆண்டுதோறும் காசு திரட்டி ஆகாயத்தாமரையை அகற்றுகிறோம். மூன்றே மாதத்தில் பழையபடி மூடிக்கொள்கிறது. மருந்து தெளித்தால் தீருமா? (தாம்பரம்)

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். தெளித்த செடி கருகி நீருக்குள் அமிழும். அது அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். செடி உறிஞ்சி வைத்திருந்த சத்து முழுவதும் மறுபடி ஏரிக்கே போய்ச் சேரும். ஆகாயத்தாமரை செழிப்பதற்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் வீட்டுக் கழிவுநீரில் தாராளமாக உள்ளன. அந்த வரத்து நிற்காத வரையில், நீங்கள் அகற்றுவது அந்த ஆண்டின் விளைச்சலை மட்டுமே.

ஆகவே அடுத்த முறை காசு திரட்டுவதற்கு முன், மழை ஓய்ந்து இரண்டு வாரம் ஆன ஒரு நாளில், காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, நான்கைந்து பேராக வரத்து வாய்க்கால் நெடுகிலும் நடந்து பாருங்கள். மழையில்லாத நாளில் மழைநீர் வடிகாலில் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் கழிவுநீராகவே இருக்கும். வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கும் நேரம் அது என்பதால், எந்தக் குழாயிலிருந்து நுரை தள்ளிக்கொண்டு சாம்பல் நிறத்தில் நீர் விழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு குழாயையும் தேதியுடன் படமெடுத்து, தெருப் பெயரோடு மனுவாக உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'ஏரி அசுத்தமாக இருக்கிறது' என்ற மனு எளிதில் கிடப்பில் விழும். 'இன்ன தெருமுனையில் இன்ன குழாய்' என்ற மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். அக்குழாய்களில் ஒன்று உங்கள் குடியிருப்பினுடையதாகவே இருந்தால், அதை முதலில் அடைத்துவிட்டு மனு எழுத உட்காருங்கள்.

செடியை அகற்றுவதற்கு ஏற்ற காலம், நீர் வற்றி ஒதுங்கும் கோடை. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அள்ளிய செடியை, அலுப்பில் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிட்டு வந்தோம். முதல் மழையிலேயே பாதி உயிரோடும் மீதி சாறாகவும் ஏரிக்குள் இறங்கிவிட்டது. கரையைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோய்க் காயவைத்து, எருவாக மட்கச் செய்வதே சரியான வழி. சேற்றில் தங்கிய விதைகள் பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும் என்பதால், சிறு திட்டுகள் தோன்றும்போதே பிடுங்கிவிடுவதற்கு ஆட்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நல்லதுதானே? (மேலூர்)

பதில்: இல்லை. வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கால்நடைகளுக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஒரு பகுதியில் பள்ளம் இருந்தால் போதும். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். வண்டல் தீர்ந்து அடிமண் தெரியத் தொடங்கிய பிறகும் லாரிகள் வந்துகொண்டிருந்தால், அங்கே நடப்பது தூர்வாருதல் அன்று, மண் விற்பனை. அதை ஊர் கூடித் தடுக்க வேண்டும். ஏரியின் ஓரச் சரிவுகளை நறுக்கிக் கிண்ணம்போல ஆக்கிவிடாதீர்கள். ஆழம் குறைந்த அந்த ஓரங்களில்தான் நாரையும் உள்ளானும் இரை தேடுகின்றன. வேடந்தாங்கல் விவசாயிகள் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பறவைகளைக் காத்து வருவதற்கு, எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்ற கைகண்ட அனுபவமும் ஒரு காரணம்.

கேள்வி: ஊரார் சேர்ந்து எங்கள் கண்மாயைச் சீர்செய்ய விரும்புகிறோம். யாரிடம் அனுமதி பெறுவது? (சிவகங்கை)

பதில்: ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்குக் குறைவான கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்து, கண்மாயோடு அதன் வரத்துக்கால், நிரம்பிய நீர் வழியும் கலங்கல், உபரிநீர் ஓடை ஆகியவற்றின் சர்வே எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்பு பெரும்பாலும் வாய்க்காலில்தான் தொடங்குகிறது. ஆக்கிரமிப்பை நீங்களே இடிக்கப் போகாதீர்கள். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி, அளந்து எல்லை குறிப்பதும் அகற்றுவதும் அரசு அலுவலர்களின் கடமை. ஊரார் பொறுப்பேற்பது நமக்குப் புதிதன்று: ஏரியைப் பராமரிக்கும் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைப் பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. மண்வேலை ஆண்டுக்கு ஒரு வாரம் என்றால், கண்காணிப்பு ஐம்பத்திரண்டு வாரமும் வேண்டும். அதற்குப் பெயர்ப் பட்டியல் போடுங்கள்.

கேள்வி: விநாயகர் சிலையைக் குளத்தில் கரைக்கலாமா? (சேலம்)

பதில்: வண்ணம் பூசாத, சுடாத களிமண் சிலை என்றால் வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: மாதம் ஒரு முறை கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம். கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? (திருவான்மியூர்)

பதில்: பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைத் துண்டுகளையும் எடுங்கள், அடும்புக் கொடியைப் பிடுங்காதீர்கள். மான் குளம்புபோல இரண்டாகப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக மணலில் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடிதான் மணல்மேட்டைக் காற்றுக்கும் அலைக்கும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கரையொதுங்கிய கடற்பாசியும் குப்பையல்ல. சிறு நண்டுகளுக்கும் கரைப்பறவைகளுக்கும் அது உணவிடம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் உங்கள் கரையில் முட்டையிட வரும் காலம் என்பதால், அம்மாதங்களில் மணலைக் கிளறும் இயந்திரங்கள் இறங்கவேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் இக்கரைகளில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். அவர்களோடு ஓர் இரவு நடந்தாலே பலவற்றைக் கற்கலாம். கடலைப் பார்த்த வீடுகளில் மே மாதம் வரை வெளி விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லுங்கள். பொரித்த குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி ஊர்வதால், விளக்கு எரியும் பக்கம் திரும்பிச் சாலைக்கு வந்துவிடுகின்றன.