எந்தப் பக்கம்டா?

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு என் ஏழாம் வகுப்பில் கண் தெரியாத பெண்பிள்ளை ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை. புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வாசிப்பாள். 'சிறப்புப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுங்கள், இங்கே வைத்திருந்தால் அவளுக்கும் பயனில்லை, மற்ற 34 பேர் படிப்பும் கெடும்' என்கிறார் தலைமையாசிரியர். எனக்கு மனசு வரவில்லை. அவர் சொல்வதும் சரிதானோ என்றும் இருக்கிறது. நான் அவளை அன்பாகத்தான் நடத்துகிறேன். கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவதே இல்லை. இவர்களைப் பொது வகுப்பில் சேர்ப்பது பற்றி உங்கள் கருத்து என்ன? இவர்கள் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள என்னென்ன நாவல்கள் வாசிக்கலாம்?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் திருவாரூரில் கமலாலயக் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குளத்தை வெட்டி அகலமாக்கிய தண்டியடிகள் நாயனாரைப் பற்றித்தான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பிறவியிலேயே பார்வையற்றவர். கடிதத்தைப் படித்ததும் அங்கேயே பதில் எழுதத் தோன்றியது. அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கடிதத்தின் இரண்டு வரிகளைச் சேர்த்து வைத்துப் படியுங்கள். கண் தெரியாத பிள்ளை என்கிறீர்கள். புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு வாசிக்கிறாள் என்றும் எழுதுகிறீர்கள். கண் தெரியாவிட்டால் எப்படி டீச்சர் வாசிப்பாள்? அவளுக்குக் கண் தெரிகிறது. கொஞ்சமாகத் தெரிகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பள்ளிக்கூடத்தில் யாருமே இதுவரை பார்க்கவில்லை. பெயர் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள்.

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையை ஒன்றாகவும் குறைபார்வையை வேறொன்றாகவும் வைக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே, 3/60 வரை இருந்தால் அது குறைபார்வை. 3/60 என்றால், நாம் 60 மீட்டரில் நின்று பார்த்துவிடுவதை அவள் 3 மீட்டர் கிட்டே வந்தால்தான் பார்ப்பாள். மூன்று மீட்டர் என்பது உங்கள் போர்டுக்கும் முதல் பெஞ்சுக்கும் இடையில் இருக்கும் தூரம். ஒரு பெஞ்சு முன்னே வந்தால் எழுத்து தெரியும், ஒரு பெஞ்சு பின்னே போனால் தெரியாது. அவள் படிப்பு இந்த அளவு நுணுக்கமான இடத்தில் நிற்கிறது.

கிட்டே வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று யாராவது அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினால் விடாதீர்கள். கெடாது. தூரத்தைப் பாதியாக்கினால் எழுத்து அவளுக்கு இருமடங்கு பெரிதாகத் தெரிகிறது. அதை அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் போர்டில் பட்டுப் பளபளக்கிறதா என்று பாருங்கள். எங்கள் காலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் போர்டில் பூசுவோம். திங்கட்கிழமை காலையில் எழுத்து அப்படியே எழுந்து நிற்கும். உங்கள் பள்ளியில் போர்டு சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தால், கோடு போட்ட நோட்டில் கோடு மங்கலாக இருந்தால், அதையெல்லாம் மாற்ற ஒரு டப்பா பெயின்ட்டும் ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

நாவல் பட்டியல் தர மாட்டேன். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், அவளிடம் பேசுங்கள். மற்ற 34 பேர் கெட்டுப்போவார்களா என்பதற்கும் தனியாகப் பதில் வேண்டாம், நான் சொல்லப்போகும் சம்பவத்திலேயே அது இருக்கிறது. சிறப்புப் பள்ளி பற்றி ஒன்று மட்டும். அவற்றின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தஞ்சாவூர் அரசு பார்வையற்றோர் பள்ளியில் படித்து ஆசிரியரானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டுப் பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தான் விரும்பும் பள்ளியில் இலவசமாகப் படிக்கும் உரிமையை அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு கொடுத்திருக்கிறது. தேர்வு பிள்ளையுடையது. உங்கள் தலைமையாசிரியருடையது இல்லை. இதை அவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

இனி எனக்கு வலித்த வரிக்கு வருகிறேன். 'கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்துவதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

1983இல் அரசலாற்றங்கரையில் ஓர் ஊரில் எட்டாம் வகுப்பு படித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. மூன்று வயதில் மணல்வாரி அம்மை போட்டு, கருவிழி புண்ணாகி வெளுத்துவிட்டது. அவனுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாத்தியார்கள் எல்லோருக்கும் அவன்மேல் அன்பு. காலையில் கடவுள் வாழ்த்து அவன்தான் பாடுவான். சரஸ்வதி பூஜைச் சுண்டல் முதலில் அவன் கைக்குத்தான் போகும். அவன் தலையைத் தடவாமல் யாரும் வகுப்பை விட்டுப் போனதில்லை. அந்த ஆண்டு தை மாதம் வரை ஒருவரும் அவனை எழுப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை. பரீட்சை அன்று எங்களோடு உட்கார்ந்திருப்பான், மணி அடித்ததும் எழுந்து போவான், மேல் வகுப்புக்குப் போட்டுவிடுவார்கள். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அந்தக் கட்டடத்தில் யாருக்குமே தெரியாது. டீச்சர், நீங்கள் செய்வதும் இதுதான்.

கணக்கு வகுப்பில் பிதாகரஸ் தேற்றம். வாத்தியார் போர்டில் முக்கோணம் போட்டு, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்கிறார். "இந்தப் பக்கத்து வர்க்கத்தையும் இந்தப் பக்கத்து வர்க்கத்தையும் கூட்டுனா இதோட வர்க்கம் வரும். பாத்தீங்களா?" பார்த்தோம் என்றோம். அவன் என் தொடையைச் சுரண்டினான்.

"எந்தப் பக்கம்டா?"

"சும்மா இருடா, அப்புறம் சொல்றேன்."

சொல்லவில்லை. ஆண்டு முழுக்க இப்படி எத்தனை 'அப்புறம்' சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. புத்தகத்தை வாசிக்கும்போது 'படத்தைக் காண்க' என்று வந்தால் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன். அவனுக்குப் படம் எதற்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

தை மாதம் அந்த வாத்தியார் நீண்ட விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு மாற்று வாத்தியார் வந்தார். முதல் வாரமே எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவர் என் நண்பனையும் எழுப்பினார். வகுப்பே திடுக்கிட்டது. யாரோ "சார், அவனுக்குக் கண்ணு தெரியாது சார்" என்றார்கள். "காது தெரியும்ல?" என்றார் அவர். நண்பன் எழுந்து நின்றான். "தெரியாது சார். எந்தப் பக்கம்னு யாரும் சொல்லல" என்றான்.

மறுநாள் வாத்தியார் ஒரு கட்டு ஈர்க்குச்சியும் கை நிறையப் புளியங்கொட்டையும் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்தார், அவனையும் உட்காரவைத்தார். மூன்று விரற்கடை, நான்கு விரற்கடை, ஐந்து விரற்கடை என்று மூன்று ஈர்க்கை அவனையே அளந்து ஒடிக்கச் சொன்னார். முனையோடு முனை சேர்க்கச் சொன்னார். சேர்த்ததும் அவன் விரலைப் பிடித்து மூலையில் வைத்து, "செவுத்து மூலையத் தொட்டுப் பாரு, அப்பிடி இருக்கா?" என்றார். அப்படித்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் புளியங்கொட்டையைச் சதுரமாக அடுக்கவைத்தார். மூன்று வரிசையில் மூன்று மூன்றாக 9, நான்கு வரிசையில் 16. இரண்டையும் அள்ளி நீளமான ஈர்க்கின் மேல் ஐந்தைந்தாக அடுக்கச் சொன்னார். அடுக்கினான். ஐந்து வரிசை. கையில் ஒரு கொட்டை மிஞ்சவில்லை, ஒரு கொட்டை குறையவுமில்லை. அவன் தடவினான், எண்ணினான், மறுபடி தடவினான். அதற்குள் நாங்கள் எல்லோரும் பெஞ்சை விட்டு இறங்கிச் சுற்றி நின்றுவிட்டோம். போர்டில் பார்த்துப் 'பார்த்தோம்' என்று சொன்ன எங்களில் ஒருவனுக்கும் அதுவரை அந்தத் தேற்றம் புரிந்திருக்கவில்லை. எனக்குப் புரிந்தது அந்தத் தரையில்தான்.

நண்பன் எட்டாம் வகுப்போடு நின்றான். ஒன்பதாம் வகுப்புக்குப் போன இடத்தில், இங்கே வசதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தொண்ணூறுகளில் அவனுக்கு ஓர் எஸ்.டி.டி. பூத், காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் கடை, கிடைத்தது. மெஷின் பில்லை அச்சடித்துத் துப்புவதற்குள் மீதிச் சில்லறையை எண்ணி மேசையில் வைத்துவிடுவான். வருகிறவர்கள் 'கண்ணை எடுத்துக்கொண்டு கடவுள் மூளையைக் கொடுத்திருக்கிறார்' என்று வியப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கணக்கை மூன்று மாதம் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கே இவ்வளவு என்றால், பத்து வருஷம் யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான்?

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன், அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். போர்டில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் போனை மேசையில் வைத்து ஒரு பாடவேளையை அப்படியே பதிவு செய்யுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எத்தனை 'இது', எத்தனை 'இங்கே', எத்தனை 'இப்படி' என்று எண்ணுங்கள். 'இதை இதால வகுத்தா இது' என்று சொல்லியிருப்பீர்கள். '48ஐ 6ஆல் வகுத்தால் 8' என்று சொல்ல அதைவிடக் கூடுதல் நேரமாகாது. 'காவிரி இப்படி வந்து இப்படிப் பிரியுது' என்று சொல்லியிருப்பீர்கள். முக்கொம்பில் கொள்ளிடம் வடக்கே பிரிகிறது, கல்லணையில் வெண்ணாறும் புதாறும் தெற்கே பிரிகின்றன என்று பெயரும் திசையும் சொல்லிப் பாருங்கள். அப்படியே ஒரு பழைய காலண்டர் அட்டையில் கொள்ளிடத்துக்குத் தாம்புக்கயிறு, காவிரிக்குச் சணல், அரசலாற்றுக்குத் தையல் நூல் என்று ஒட்டிவிடுங்கள். வெண்ணாற்றுத் தண்ணீரில் வளர்ந்த உங்கள் 35 பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியும்? எல்லோரும் தொட்டுப் பார்க்கட்டும்.

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை வரச் சொல்லிக் கேளுங்கள், வரும்வரை கேளுங்கள். கண் மருத்துவரிடம், பார்வை இன்னும் குறையக்கூடியதா என்று பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள். குறையும் என்றால் பிரெய்ல் இப்போதே தொடங்க வேண்டும், விரல் பழக நாளாகும். நீங்களும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஆறே புள்ளிகள். நாம் 'கொ' எழுதும்போது கொம்பை முன்னால் போட்டு, காலைப் பின்னால் போட்டு, நடுவில் க-வை வைக்கிறோம். பிரெய்லில் முதலில் க, அடுத்தது ஒ. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் போகும். எனக்கு அது மிகவும் அழகாகத் தோன்றியது.

தண்டியடிகள் கதையைக் கோயிலில் கேட்டிருப்பீர்கள். கோயில் ஐவேலி, குளம் ஐவேலி என்று சொல்லும் ஊர் அது. அவ்வளவு பெரிய குளத்தைக் கண் தெரியாத ஒருவர் எப்படித் தோண்டினார்? குளத்துக்குள் ஒரு தறி, அதாவது முளைக்கம்பம், நட்டார், கரையில் ஒரு தறி நட்டார், நடுவில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டுவார், கூடையோடு கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கொட்டுவார். பெரியபுராணம் இதை நிதானமாகச் சொல்கிறது. அவரைத் தடுக்க வந்தவர்கள் மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கினார்கள், தறியையும் பிடுங்கினார்கள். பிறகு இறைவன் அருளால் அவருக்குக் கண் வந்தது என்று கதை முடியும். கேட்கிற எல்லோரும் அந்தக் கடைசி இடத்தில் கைகூப்புகிறார்கள். எனக்குக் கயிற்றின் மேல்தான் பக்தி. கண் வருவதற்கு முன்பே அவர் குளம் வெட்டிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்ததும், உங்கள் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, உங்கள் கடிதத்தையும் இந்தப் பதிலையும் என் நண்பனுக்கு அனுப்பினேன். பூத் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது போனே எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறது. பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான். சட்டம், சிறப்புப் பள்ளி, எதைப் பற்றியும் பேசவில்லை.

"அந்தப் பிள்ளைய எங்க உக்கார வச்சிருக்காங்க? எழுதலயே?" என்றான்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுதவில்லைதான். எந்த இடத்தில் உட்கார்ந்தால் போர்டு தெரிகிறது என்று திங்கட்கிழமை அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவன் காத்திருக்கிறான்.

அன்புடன்