பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டை, குடியேறும் முன் எப்படி ஒழித்துச் சுத்தம் செய்வது?

தாத்தா கட்டிய வீடு பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பூட்டியே கிடக்கிறது, அடுத்த ஆண்டு குடியேற நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 2013-இல் பாட்டி காலமான பிறகு பூட்டிய எங்கள் ஓட்டு வீட்டை 2024 பங்குனியில் திறந்து, ஆவணியில் பால் காய்ச்சினோம். அந்த ஐந்து மாத அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பு ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் வாழ்ந்த ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லாமல் எந்தப் பொருளும் வாசற்படியைத் தாண்டக் கூடாது.

இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஆள் வைத்து, பழைய செய்தித்தாள், துருப்பிடித்த தகரம், உடைந்த நாற்காலி என்று ஒரு வண்டி நிறைய எடைக்குப் போட்டுவிட்டோம். சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து வந்த அத்தை, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அலமாரிக்கு அடியில ஒரு தகரப் பெட்டி இருக்குமே, அது எங்கேப்பா?" என்பதுதான். மறுநாள் விடிந்ததும் கடைக்கு ஓடினேன். நல்ல வேளையாக அன்று லாரி வரவில்லை. செய்தித்தாள் கட்டுகளுக்கு அடியில் பெட்டி அப்படியே இருந்தது. உள்ளே, மடிப்பெல்லாம் இற்றுப் போயிருந்த மஞ்சள் துணியில், தாத்தா கிரயம் வாங்கிய பத்திரமும், நூலால் கட்டிய வீட்டு வரி ரசீதுகளும், சகோதரர்கள் மூவரும் பாகம் பிரித்தபோது எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டும், ஒரு வங்கிப் புத்தகமும் இருந்தன. பதிவான பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிவிடலாம். கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட கூர்ச்சீட்டுக்கு நகல் எங்கும் கிடைக்காது. வரி ரசீதும் பிற்பாடு மின் இணைப்பைப் பெயர் மாற்றும்போது உதவியது.

வங்கிப் புத்தகத்தையும் செல்லாதது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படும் என்றாலும், வாரிசுகள் உரிய சான்றுகளோடு அதே வங்கியில் விண்ணப்பித்துத் திரும்பப் பெற முடியும். பல வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளை ஒரே இடத்தில் தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. ஓலைச்சுவடிகள் கிடைத்தால் தண்ணீர் காட்டாமல், வெயிலில் போடாமல், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தையோ அணுகிக் கேளுங்கள்.

வீட்டில் பிறந்த பெண்களை முதல் நாளே அழைத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு, அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும் என்பது மட்டும் காரணமில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்குமாக 2005-லும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. அத்தைமார்களிடம் கேட்காமல் ஓர் அண்டாவை விற்றால்கூட அது மனத்தாங்கலாக நின்றுவிடும், அந்த மனத்தாங்கலில் நியாயமும் இருக்கும். நாங்கள் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் பரப்பி, இரண்டு அத்தைகளும் வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகே மீதியைத் தொட்டோம்.

பத்தாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெல் கொட்டி வைக்கும் அந்த மரப்பெட்டி எங்கள் உள்ளறையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. வாசல் வழியாக முழுதாக வெளியே வராது என்பதால், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று தச்சர் சொல்லிவிட்டார். ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்த அடுக்குகளின் ஓரத்தில் உளியால் ஏதோ வெட்டியிருந்தது. அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "க, உ, ங, ச, ரு-னு யாரோ எழுத்து வெட்டியிருக்காங்க" என்றார். அத்தை குனிந்து பார்த்து, "அது எழுத்து இல்லப்பா, தமிழ்க் கணக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. மேல இருக்கற அஞ்சாம் நம்பரை மொதல்ல கழட்டுங்க, தானா வரும்" என்றார். அப்படியே வந்தது. ஐந்து அடுக்குகளையும் தனித்தனியாக வெளியே கொண்டுபோய்த் துடைத்து, அறையைச் சுத்தம் செய்த பிறகு எண் வரிசைப்படியே மீண்டும் அடுக்கினோம். அன்றைக்கு அத்தை அங்கே இல்லையென்றால் அது விறகாகியிருக்கும்.

இனிச் சுத்தம் செய்வது. பூட்டிய வீட்டுக்குள் நுழைந்ததும் பெருக்கத் தொடங்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் கதவு சன்னல்களைத் திறந்து போடுங்கள். பரணிலும் மூலையிலும் இருக்கும் பொருட்களைக் கழியால் தட்டி அசைத்த பிறகு கை வையுங்கள். எங்கள் அடுப்படி மூலையில் முழு நீளப் பாம்புச் சட்டை கிடந்தது. வௌவால் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கினால், அந்தத் தூசியோடு நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை வித்துகளும் மூச்சில் ஏறலாம். எலி நடமாடிய இடத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். ஆகையால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, நன்றாக ஊறவிட்டு, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து ஈரமாகவே வாரி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பட்ட இடத்தில் கழிப்பறை ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். கூரையைச் சரிசெய்யாமல் தரையைக் கழுவுவது வீண் கூலி. ஓடு பிரிக்கும்போதே கைமரம் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற மரம் பொத்தென்று ஒலிக்கும். சுவர் விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வேன்: சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ பூச விடாதீர்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியேறும். அதை அடைத்தால் இரண்டு மழைக்குள் உப்புப் பூத்துப் பொரிந்து உதிரும். நாங்கள் உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்தே பூசி, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி இரண்டு தடவை வெள்ளையடித்தோம். சிவப்புத் தரைக்கும் ஆசிட் ஆகாது. சீயக்காயும் தேங்காய் நாரும் போதும்.

மின்கம்பிகள் முழுவதையும் மாற்றிவிடுங்கள், எர்த்தும் கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியும் சேர்த்து. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது, அது சட்டப்படியும் குற்றம். உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள்.

கிணறும் அப்படித்தான். நெடுநாள் மூடியிருந்த கிணற்றில் உயிர்க்காற்று இல்லாமல் இருக்கலாம். பழக்கமுள்ள தூர் வாரும் ஆட்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி ஓட்ட விடக் கூடாது. தூர் வாரி, புது ஊற்று வந்த பிறகு மருந்து போடும் கணக்கு எளிது: 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். எங்கள் கிணறு 2 மீட்டர் விட்டம், தண்ணீர் 3 மீட்டர் ஆழம், ஆக ஏறத்தாழ 9,400 லிட்டர். 24 கிராம் போதுமானதாக இருந்தது. பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கிணற்றில் இறக்கிக் கலக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கும் முன் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு என்கிறீர்கள். அப்படியானால் மாசி கடைசியிலாவது வீட்டைத் திறந்துவிடுங்கள். முதல் மாதத்தைப் பெட்டிகளுக்கும் காகிதங்களுக்கும் மட்டுமே ஒதுக்குங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கூரையும் சுவரும் முடிந்து நன்றாகக் காய்ந்துவிட்டால், ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் மின்வேலைக்கும் கழுவித் துடைப்பதற்கும் அந்த மாதம் கிடைக்கும். ஆவணியில் குடியேறினால், ஐப்பசி மழைக்கு முன் ஒழுகும் இடங்களைக் கண்டுபிடித்து ஓடு மாற்ற இரண்டு மாதம் கையில் இருக்கும்.