ஆறு கண்ணியில் ஆரம்பிக்கிறது: குரோஷே கேள்வி பதில்

ஒற்றைக் கொக்கியால் நூலைப் பின்னும் குரோஷே பற்றி நீங்கள் கேட்டிருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கொக்கியால் நூலை இழுத்துப் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி. கண்ணிகளின் பெயர்களை அமெரிக்க வழக்கப்படியே சொல்கிறேன். காரணம் கீழே ஒரு பதிலில் இருக்கிறது.

அக்கா, இப்போ உங்க கொக்கியில என்ன இருக்கு?

மூன்று வேலைகள் ஓடுகின்றன. ஒரு போர்வை, ஒரு ஆமை பொம்மை, ஒரு கோழிக்கொண்டைப் பூ. மனசு முழுக்க அந்தப் பூவில்தான் இருக்கிறது.

தொட்டியில் பூத்த ஒன்றைப் பறித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அடியில் தண்டு சேரும் இடம் 2 செ.மீ. அகலம்தான். மேல் விளிம்போ மடிந்து மடிந்து மூளை போல நெளிந்திருந்தது. அந்த மடிப்புகளுக்குள் ஒரு நூலை விட்டுத் தடவிக்கொண்டே போய், பிறகு நூலை நீட்டி அளந்தேன். 46 செ.மீ.! இரண்டு விரல் அகலத்துக்குள் அத்தனை நீள விளிம்பு எப்படி அடங்கியது? அடங்க இடமில்லாததால்தான் நெளிந்திருக்கிறது. பார்த்த அந்த நிமிஷமே கொக்கியைத் தேடி எழுந்துவிட்டேன்.

வட்டமா பின்ன ஆரம்பிச்சா எனக்கு ஓரம் அலை அலையா வருது. தோழிக்குக் கிண்ணம் மாதிரி குழியுது. ரெண்டு பேரும் என்ன தப்பு பண்றோம்?

நீங்கள் கண்ணியை அதிகமாகக் கூட்டுகிறீர்கள், அவர் குறைவாகக் கூட்டுகிறார். சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியில், மேஜிக் ரிங்குக்குள் (இழுத்தால் நடுத்துளை மூடிக்கொள்ளும் நூல் வளையம்) 6 கண்ணி. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் 6 கூட வேண்டும்: 12, 18, 24, 30.

ஏன் 6 என்று தெரிந்துகொண்டால் மறக்காது. ஒரு சுற்று போட்டால் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. அப்போது சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூட வேண்டும். சிங்கிள் குரோஷே கண்ணி ஏறக்குறைய உயரமும் அகலமும் ஒன்றாக இருப்பது, அதனால் 6. டபுள் குரோஷே அதைவிட இரண்டு மடங்கு உயரம், அதனால் 12. இறுக்கிப் பின்னும் கைக்கும் தளர்த்திப் பின்னும் கைக்கும் ஒன்றிரண்டு மாறலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணுங்கள். முதல் கண்ணியில் ஒரு மார்க்கர் (அடையாளத்துக்கு மாட்டும் சின்ன வளையம்), இல்லையென்றால் வேறு நிற நூல் துண்டு, கட்டாயம் இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம். எப்போதும் ஒரே இடத்தில் கூட்டினால் வட்டம் மெல்ல அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று கூட்டும் இடத்தைத் தள்ளி மாற்றுங்கள்.

அப்போ அலை அலையா வந்ததைப் பிரிச்சுடணுமா?

டம்ளருக்கு அடியில் வைக்கும் தட்டையான கோஸ்டர் வேண்டுமென்றால் பிரியுங்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் நீங்கள் பின்னியிருப்பது கணிதத்தில் பெரிய விஷயம். ஹைபர்போலிக் தளம் என்று ஒன்று உண்டு, நடுவிலிருந்து விலக விலக ஓரம் பெருகி, தட்டையாகப் படுக்காமல் நெளியும் பரப்பு. அதைக் காகிதத்தில் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துபோகும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற கணித அறிஞர் 1997-ல் அதைக் குரோஷேயில் பின்னிக் காட்டினார். இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு என்ற ஒரே விதியைக் கடைசிவரை மாற்றாமல் பின்னுவதுதான் முறை. அதைப் பார்த்து, மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் என்ற சகோதரிகள் 2005-ல் நூலாலேயே ஒரு பவளப்பாறையைப் பின்ன ஆரம்பித்தார்கள். பவளம், கடற்பாசி, கீரையின் சுருண்ட ஓரம், என் கோழிக்கொண்டை எல்லாம் இந்த ஒரே குடும்பம்.

ஒரு முறை செய்து பாருங்கள்: 6 கண்ணியில் ஆரம்பித்து ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டுக்கொண்டே போங்கள். தட்டையான வட்டத்தில் 8-ஆம் சுற்றில் 48 கண்ணி இருக்கும். இதில் 768! கைக்குள் ஒரு பவளம் முளைப்பது தெரியும். நூல் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

மஃப்ளர் பின்றேன். 20 கண்ணியில ஆரம்பிச்சது 14-ல வந்து நிக்குது, ஓரம் சாய்ஞ்சு போச்சு.

ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். டபுள் குரோஷேயில் திருப்பும்போது போடும் 3 சங்கிலியும் (கொக்கியில் நூலை ஒரு முறை இழுத்தால் வரும் வளையம் ஒரு சங்கிலி) சேர்ந்து ஒரு கண்ணிக் கணக்கு. அடுத்த வரிசை முடிவில் அந்தச் சங்கிலியின் தலையிலும் கொக்கியை விட்டு ஒரு கண்ணி போட வேண்டும். பார்ப்பதற்குக் கண்ணி போலவே தெரியாது, அதனால்தான் எல்லாருக்கும் தவறுகிறது. சிங்கிள் குரோஷேயில் போடும் 1 சங்கிலி பெரும்பாலும் கணக்கில் வராது.

பேட்டர்ன்படி டபுள் குரோஷேதான் போட்டேன். படத்துல இருக்கிற மாதிரி இல்லாம குட்டையா, கெட்டியா வந்திருக்கு.

அப்படியானால் பேட்டர்ன் அமெரிக்க முறை, நீங்கள் கற்றது பிரிட்டிஷ் முறை. அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள் அங்கே ட்ரெபிள். பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

வெப்பநிலைப் போர்வை போடணும்னு ஆசை. எங்கே ஆரம்பிக்கிறது?

கணக்கில் ஆரம்பியுங்கள். தினம் ஒரு வரிசை, அன்றைய வெப்பத்துக்கு ஏற்ற நிறம். ஆக 365 வரிசை. என் கையில் சிங்கிள் குரோஷே வரிசை அரை செ.மீ. வருகிறது, 182 செ.மீ. நீளம், அருமையான போர்வை. அதையே டபுள் குரோஷேயில் போட்டால் வரிசைக்கு 1.2 செ.மீ., மொத்தம் 438 செ.மீ.! பாதியில் நிறுத்திய போர்வைகள் பல இப்படித்தான் நின்றன. முதலில் 10 வரிசை மாதிரி பின்னி அளந்துவிட்டுக் கண்ணியை முடிவு செய்யுங்கள்.

நூல் வாங்கும்போது லேபிளில் சாய எண் பாருங்கள், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கு ஒரே எண் இருக்கும். நான் ஒரு முறை நீலம் தீர்ந்துபோய், வேறு சாய எண்ணில் அதே நீலத்தை வாங்கித் தொடர்ந்தேன். பகல் வெளிச்சத்தில் கோடு போட்டது போலத் தெரிந்தது. அப்படி மாட்டிக்கொண்டால் பழையதும் புதியதுமாக வரிசை மாற்றி மாற்றிச் சில வரிசை பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

பொம்மைக்குள்ள அடைக்கிற பஞ்சு வெளியே தெரியுது.

கொக்கியைச் சிறிதாக்குங்கள். நூல் லேபிள் 4 மி.மீ. கொக்கி சொன்னால் நான் பொம்மைக்கு 2.5 அல்லது 3 எடுப்பேன். இன்னொன்று, நூலைக் கொக்கியின் மேலே சுற்றி இழுக்காமல், நூலின் மேல் கொக்கியை வைத்துக் கீழிருந்து பிடித்து இழுங்கள். கண்ணி V போல இல்லாமல் X போல, இறுக்கமாக விழும். ஆமை பொம்மையின் முதுகு ஓட்டை அப்படித்தான் பின்னுகிறேன். கைக்குழந்தைக்குக் கொடுப்பதென்றால் பிளாஸ்டிக் கண் வேண்டவே வேண்டாம், கறுப்பு நூலில் தைத்துவிடுங்கள்.

என் பொண்ணு இடது கைக்காரி. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியல.

பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்காருங்கள் அம்மா. உங்கள் வலது கை அவளுக்குக் கண்ணாடியில் தெரிவது போல இருக்கும், அப்படியே பார்த்துச் செய்துவிடுவாள். வீடியோவையும் இடவலம் திருப்பிக் காட்டலாம். கையை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

புதுசா எதையும் யோசிக்கவே வரமாட்டேங்குது. உங்களுக்கு எங்கேருந்து வருது?

மற்றவர்கள் பின்னியதன் படங்களைப் பார்ப்பதை நான் குறைத்துக்கொண்டேன். அதிலிருந்து எனக்கு ஆசைதான் வந்தது, யோசனை வரவில்லை. இப்போது ஒரு பொருளைக் கையில் எடுத்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று மட்டும் பார்க்கிறேன். காய்ந்த இலை ஓரத்தில் சுருள்கிறதா? ஒரு இடம் மற்றதைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டது. சங்கு ஏன் சுழல்கிறது? ஒரு பக்கம் வேகமாக வளர்கிறது. இப்படிப் பார்க்கப் பழகினால் பேட்டர்ன் தானாக எழுதிக்கொள்ளும். நிறத்துக்கும் அதே வழிதான். மழை ஓய்ந்த சுவரைப் பாருங்கள், ஒரே பச்சை என்று நினைத்த பாசியில் மஞ்சளும் சாம்பலும் இருக்கும்.

கோழிக்கொண்டை பேட்டர்ன் தருவீங்களா அக்கா?

இதுவரை வந்ததைத் தருகிறேன். 3 மி.மீ. கொக்கி, 10 சங்கிலி, மேலே மூன்று வரிசை கூட்டாமல் சிங்கிள் குரோஷே. அடுத்து இரண்டு கண்ணிக்கு ஒன்று கூட்டி 15, 22, 33. பிறகு எல்லாக் கண்ணியிலும் இரண்டிரண்டு: 66, 132. நிஜப் பூவைவிடச் சற்றுப் பெரிதாக வரும்.

ஓரம்தான் இன்னும் சரியாகவில்லை. பளபளப்பான பருத்தி நூலில் பின்னினேன், பட்டு ரிப்பன் போல இருக்கிறது. பூவிலோ வெல்வெட் மாதிரி ஒரு மங்கல். கடைசி வரிசையை மட்டும் மொசமொசப்பான உல்லன் நூலில் மாற்றிப் போடப் பிரித்து வைத்திருக்கிறேன். 66 கண்ணி வரிசையோடு பூ இப்போது மேசையில் காத்திருக்கிறது.