அந்த ஜி சிப்பாய் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் செஸ்ஸில் மெரான் என்ற ஓபனிங்கை (ஆட்டத்தைத் தொடங்கும் முறை), கருப்புக் காய்களுக்கானதை, 14 மூவ் வரை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். போன மாதம் பாண்டியில் நடந்த போட்டியில், எதிராளி 8வது மூவிலேயே பிஷப்பை டி3க்கு (டி வரிசையின் 3வது கட்டம்) பதிலாக இ2வில் வைத்துவிட்டான். அவளுக்குக் கை ஓடவில்லை. தோற்றுவிட்டாள். இன்னும் நிறைய மூவ் வரிசைகளைப் படிக்க வைக்கட்டுமா?

எஸ்., மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள எஸ்.,

வேண்டாம். ஒரே ஒரு ஆட்டத்தைக் கடைசி மூவ் வரை படிக்கட்டும். 2008ல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப், 5வது ஆட்டம். ரஷ்யாவின் கிராம்னிக் வெள்ளை, நம் விஸ்வநாதன் ஆனந்த் கருப்பு. அவள் படித்த அதே மெரான்தான்.

12வது மூவில் கருப்பின் ஜி சிப்பாய் எஃப்6ல் வெட்டுகிறது. எஃப் வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பார்க்க அலங்கோலம். 14ல் ஆனந்த் பி5 சிப்பாயைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு பிஷப்பை பி7ல் வைக்கிறார். 15ல் யானை ஜி8க்கு. பிஷப், யானை இரண்டுக்கும் குறி ஒன்றுதான்: வெள்ளை ராஜாவின் முன்னால் இருக்கும் ஜி2. அடுத்த மூவ்களை அட்டையால் மூடிவைத்து, கருப்பு என்ன ஆடும் என்று அவளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம்.

இந்த ஆட்டத்தில் எனக்கு உயிர் அந்த ஜி சிப்பாய்தான். 17ல் எஃப்5, 18ல் எஃப்4. அங்கேயே காத்து நிற்கிறது. 29ல் கிராம்னிக் குதிரையால் டி4 சிப்பாயை வெட்டுகிறார். குதிரை போகிறது, ராணிகள் போகின்றன, ஈடாக பி7 பிஷப் அவருக்குக் கிடைக்கிறது. கணக்கு சரியாக வந்தது போலத்தான் இருக்கிறது. 34ல் ஆனந்தின் குதிரை இ3ல் வந்து விழுகிறது! அதை வெட்டினால் எஃப்4 சிப்பாய் இ3க்கு வரும். எஃப்1ல் உள்ள வெள்ளை பிஷப்பை கருப்பின் சி1 யானை கட்டிப்போட்டிருப்பதால் (நகர்ந்தால் ராஜாவுக்குச் செக்) அந்தச் சிப்பாயைத் தடுக்க வழியில்லை. 35வது மூவோடு கிராம்னிக் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். 12வது மூவில் அலங்கோலமாகத் தெரிந்த அதே சிப்பாய்!

சரி, உங்கள் மகளின் ஆட்டம். டி3 பிஷப் இ4 தள்ளுவதற்கு முட்டுக் கொடுக்கும். இ2வில் அந்த முட்டு இல்லை. கருப்பின் வேலை மாறவே இல்லை: பி7ல் பிஷப், நேரம் பார்த்து சி5. இதை அவள் போர்டில் வைத்துப் பார்த்தால் பயம் போய்விடும்.

பிறகு அதே உலக சாம்பியன்ஷிப்பின் 3வது ஆட்டத்தை எடுக்கட்டும். 14 மூவ் வரை அச்சு அசல் இதேதான், அதிலும் ஆனந்துக்கே வெற்றி. ஆனால் 15ல் யானை நகர்வதற்கு முன்பே பிஷப் டி6க்குப் போகிறது. 5வது ஆட்டத்தில் ஏன் மாற்றினார்? அவளே யோசித்து எழுதட்டும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பதில் போடுகிறேன்.