சீஷாக், இரண்டாம் ராம்சேஸ், விடுபடும் 300 ஆண்டுகள்

எருசலேமைத் தாக்கியதாக வேதாகமம் சொல்லும் எகிப்திய அரசன் சீஷாக், பார்வோன் முதலாம் ஷோஷெங்க் அல்ல, இரண்டாம் ராம்சேஸ்தான் என்று வைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியாது. சீஷாக்கை இரண்டாம் ராம்சேஸாக வைத்து எகிப்தின் காலக்கணக்கை 300 ஆண்டு கீழே இறக்கினால் அசீரிய அரசர்களின் காலக்கணக்கு இடிக்கும்.

எகிப்தின் கர்நாக் கோயில் சுவரில் ஷோஷெங்க் பொறித்த ஊர்ப் பட்டியலில் எருசலேம் இல்லாததால் முதலாம் ஷோஷெங்க் சீஷாக் அல்ல என்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கும். அந்தச் சுவரில் பல பெயர்கள் சிதைந்துவிட்டன. இஸ்ரேலில் உள்ள மெகிதோவில் ஷோஷெங்க் பெயர் பொறித்த கல்துண்டு கிடைத்திருக்கிறது, அதையும் பாருங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். எகிப்திய அரசவைக்கு வந்த களிமண் பலகைக் கடிதங்களான அமர்னா கடிதங்களில் எகிப்துக்கு எழுதுகிறவன் அசீரிய அரசன் அசூர்-உபாலித். ராம்சேஸுக்கும் முந்தியவன். அவனிலிருந்து அசீரிய அரசர் பட்டியலில் ஒவ்வொருவராக இறங்கி, அசீரியப் பதிவில் உள்ள, தேதி உறுதியான கி.மு. 763 சூரிய கிரகணம் வரை வாருங்கள். எந்த அரசர்களை நீக்கி 300 ஆண்டு குறைப்பீர்கள்? அவன் வேறொரு அசூர்-உபாலித் என்பார்கள் சிலர். அந்தக் காலத்தில் அப்படி இன்னொருவன் பட்டியலில் இல்லை.

2010இல் வந்த கதிரியக்கக் கார்பன் ஆய்வும் ராம்சேஸை கி.மு. 13ஆம் நூற்றாண்டிலேயே வைக்கிறது.

ஆனால் ஒன்று: ஷோஷெங்க் படையெடுப்புக்குச் சொல்லும் கி.மு. 925, யூதா அரசன் ரெகொபெயாமின் 5ஆம் ஆண்டை வைத்தே கணக்கிட்டது (1 இராஜாக்கள் 14:25). அதைக் கொண்டே வேதாகமத்தை நிரூபிக்கப் போகாதீர்கள். அந்தத் தேதி கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம், மூன்று நூற்றாண்டு நகராது.