பக்கம் வருகிறது, பட்டியலைக் காணோம்

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுத்து விற்கிறேன். தினமும் காலையில் ஒரு இணையப் பக்கத்தில் விலை பார்ப்பேன். கொஞ்ச நாளாகக் கடைக் கம்ப்யூட்டரில் மேலே படம், மெனு எல்லாம் வருகிறது. விலைப் பட்டியல் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. போனில் தெரிகிறது. விண்டோஸ் 7, குரோம். சர்வீஸ் பார்க்கிறவர் பார்மட் அடிக்கணும் என்கிறார். அடிக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். உங்கள் கொள்முதல் கணக்கு முழுக்க அதில்தான் கிடக்கும். ஒரு பட்டியலுக்காக அதை அழிக்க நான் சம்மதிக்கமாட்டேன். அழித்துவிட்டு அதே விண்டோஸ் 7-ஐ ஏற்றினால் அநேகமாக அதே வெள்ளைதான் திரும்ப வரும்.

முதலில் ஒன்று. போனில் தெரிகிறது என்றீர்களே, அது எந்த நெட்டில்? போனின் சொந்த டேட்டா என்றால் கடை லைன் நல்ல லைன் என்று இன்னும் சொல்லமுடியாது. போனைக் கடை வைஃபையில் போட்டுப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் லைனை விட்டுவிடலாம், கோளாறு கம்ப்யூட்டருக்குள்தான்.

இந்த மாதிரிப் பக்கங்கள் ஒரே மூட்டையாக வருவதில்லை. தலைப்பும் மெனுவும் முதலில் வந்துவிடும். அப்புறம் பக்கத்தோடு வரும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் பிரவுசரில் ஓடி, விலையைத் தனியாகக் கேட்டு வாங்கி நடுவில் நிரப்பும். அந்த ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் நீங்கள் சொல்கிற வெள்ளை இடம்தான் மிஞ்சும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; பழைய பதிவுகளும் கூடுதல் நிரல்களும் இல்லாமல் இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். அதில் பட்டியல் வந்துவிட்டால் விளம்பரத் தடுப்பான் போன்ற ஏதோ எக்ஸ்டென்ஷன் (குரோமில் சேர்த்த கூடுதல் நிரல்) குறுக்கே நிற்கிறது, இல்லை பழைய கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்த பக்க நகல்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஜன்னலில் கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அடியுங்கள். தீரவில்லையா, எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுப் படத்தைத் தட்டி, அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைத்த குறிப்பான குக்கீயை மட்டும் நீக்குங்கள். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து அழிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். உள்நுழைந்து வைத்திருக்கும் எல்லாவற்றிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள்.

இன்காக்னிட்டோவிலும் வெள்ளை என்றால், என் சந்தேகம் முழுக்க உங்கள் குரோம் மேல்தான். விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசி குரோம் 109; 2023 பிப்ரவரியில் வந்த 110-லிருந்து விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டார்கள். தளத்தைப் புதுப்பித்தவர்கள் புது பாணியில் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தால், பழைய பிரவுசருக்கு அதில் ஒரு வரி புரியாமல் போனாலும் அந்த ஃபைல் முழுவதையும் ஓட்டாமல் விட்டுவிடும்.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். பக்கத்தைத் திறந்து எஃப்12 அழுத்தி, 'கன்சோல்' என்ற பகுதிக்குப் போய் ரீலோடு செய்யுங்கள். சிவப்பில் வரிகள் வரும். 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்றிருந்தால் பெரும்பாலும் பிரவுசர் பழசு. 'பிளாக்ட் பை கிளையன்ட்' என்றிருந்தால் எக்ஸ்டென்ஷன் தடுக்கிறது. 500, 503 என்று எண் நின்றால் கோளாறு தளத்துக்காரர் பக்கம். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தச் சிவப்பு வரிகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் காட்டினாலும் பேச்சு பார்மட்டில் தொடங்காது.

பிரவுசர்தான் காரணம் என்றால், விண்டோஸ் 7-ல் ஓடும் ஃபயர்பாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் என்ற வேறு பிரவுசரைப் போட்டுப் பாருங்கள். பட்டியல் தெரிந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை மட்டும் செய்யாதீர்கள். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டதால் அதன் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடுவதில்லை. வசதிப்படும்போது கணக்கை பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு வேறு மெஷினுக்கு மாறுவதே நல்லது. அதுவரை விலையைப் போனிலேயே பாருங்கள். அன்றைய விலை தெரியாமல் ஷீட்டை எடைபோடாதீர்கள்.

கேள்வி: கருங்கல் ஊரில் தமிழாசிரியை நான். பழைய தளம் ஒன்றில் நாலடியார் உரை இருக்கிறது. திறந்தால் தமிழுக்குப் பதில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. என் மடிக்கணினி புதுசுதான். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மடிக்கணினியில் குறை எதுவும் இல்லை, டீச்சர். அந்தப் பக்கம், இன்று எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தட்டச்சு செய்தது. டிஸ்கி, டேப், டேம் என்று அப்போது பல குறியேற்றங்கள் (எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறைகள்) இருந்தன. அதற்குரிய ஃபான்ட் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். குறியேற்றத்தை மாற்றிப் பார்க்கும் மெனு முன்பு குரோமிலேயே இருந்தது, இப்போது இல்லை. எழுத்துகளை அப்படியே நகலெடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றி மென்பொருளில் ஒட்டி, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். சரியாக வராவிட்டால் டேப், டேம் இரண்டையும் முயலுங்கள்.

மூலப்பாடல் மட்டும் போதுமென்றால் இந்தச் சிரமமே வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்கள் யூனிகோடிலேயே கிடைக்கின்றன.

மாற்றிய உரையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், முக்கியமாகக் கொம்பு வரும் இடங்களை. டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். மாற்றும்போது இந்த இடமாற்றம் சரியாக நடக்காவிட்டால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.